நூற்றுக்கணக்கான நெட்வொர்க் கருவிகளை ஒரே டெர்மினலில் விசாரிப்பது: லினக்ஸில் எஸ்என்எம்பி, படிப்படியாக

பத்து சுவிட்ச் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொன்றாக லாகின் செய்து நிலவரம் பார்த்துவிடலாம். நாலைந்து கட்டடங்கள், ஹாஸ்டல், நூலகம், வெளியூர்க் கிளை என்று முந்நூறு கருவிகள் பரவிக் கிடக்கும் வளாகத்தில் அது நடக்காது. ஆனால் அந்த முந்நூறுக்கும் பொதுவாகப் புரியும் மொழி ஒன்று 1988 முதலே இருக்கிறது: எஸ்என்எம்பி. சுவிட்ச், ரவுட்டர், வைஃபை கருவி, யுபிஎஸ், பிரின்டர் எல்லாமே அதில் பேசும். பெரிய கண்காணிப்பு மென்பொருள் எதையும் நிறுவாமல், ஒரு லினக்ஸ் கணினியையும் சில கட்டளைகளையும் மட்டும் வைத்து இதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஒரு கருவியிடம் கேட்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். நிறையக் கருவிகளிடம் கேட்கும்போது வேலையைக் கெடுப்பவை பதில் தராத கருவிகள். எஸ்என்எம்பி போவது யுடிபி 161-ஆம் போர்ட்டில். பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதனால் மௌனத்தை எப்படிக் கையாள்வது என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வது போல ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நடுவில் உள்ள கோட்டை விட்டுவிட்டு ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: கருவிப்பெட்டி

டெபியன், உபுண்டுவில் எஸ்என்எம்பி என்ற பெயரிலேயே பேக்கேஜ் இருக்கிறது. ரெட் ஹாட் குடும்பத்தில் அதன் பெயர் நெட்-எஸ்என்எம்பி-யுடில்ஸ். (இந்த ஒரு பெயரில் மட்டும் நடுக்கோடுகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.) கூடவே எஃப்-பிங் (பல முகவரிகளை ஒரே நேரத்தில் பிங் செய்வது), டிசிபி-டம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டுவது) இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

டெபியனில் மிப் கோப்புகள் உரிமக் காரணங்களால் உடன் வருவதில்லை. தனியாக இறக்கி, எஸ்என்எம்பி கான்ஃப் கோப்பில் மிப்ஸ் என்று தொடங்கும் வரியைக் கமென்ட் ஆக்கினால்தான் பெயர்கள் வேலை செய்யும். அதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் என்பது என் பரிந்துரை. மிப் என்பது எண்களுக்குப் பெயர் சூட்டும் அகராதி, அவ்வளவுதான். கருவியோடு பேசும்போது போவதும் வருவதும் எண்கள் மட்டுமே. மிப் கோப்புகள் ஏற்றப்பட்டிருந்தால், முந்நூறு முறை கட்டளையை ஓட்டும்போது முந்நூறு முறையும் அத்தனை கோப்புகளையும் படித்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். ஸ்கிரிப்ட்டுக்கு எண்களே வேகம், எண்களே நம்பகம். இந்த வழிகாட்டி முழுக்க எண்களையே பயன்படுத்துகிறேன்.

படி 2: பட்டியல்

ஒரு வரிக்கு ஒரு ஐபி முகவரி. இடைவெளி விட்டு இரண்டாவது பத்தியில் இடம், மூன்றாவதில் கருவி வகை. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். எக்செல் ஷீட்டில் பராமரிப்பவர்கள் அதிலிருந்து தானாக ஏற்றுமதி ஆகும்படி செய்துகொள்ளுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு பட்டியல் இருந்தால் ஆறே மாதத்தில் இரண்டும் பொய் சொல்லும்.

பட்டியலே இல்லையா? எஃப்-பிங் கட்டளைக்கு மைனஸ் ஏ, மைனஸ் ஜி போட்டு 10.20.5.0/24 போன்ற சப்நெட்டை, அதாவது முகவரித் தொகுதியை, கொடுங்கள். உயிரோடு உள்ள முகவரிகளை மட்டும் தரும். ஆனால் பிங்குக்குப் பதில் தராத கருவி எஸ்என்எம்பிக்குத் தரக்கூடும், தலைகீழாகவும் நடக்கும். ஆகவே எஃப்-பிங் தள்ளிய முகவரிகளை அடியோடு நீக்காமல் தனிக் கோப்பில் வைத்து, நாளுக்கு ஒருமுறையாவது எஸ்என்எம்பியால் தட்டிப் பாருங்கள்.

படி 3: ஒரே ஒரு கருவியோடு பேசிப் பழகுங்கள்

எஸ்என்எம்பி-கெட் கட்டளைக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். மைனஸ் வி போட்டு 2சி என்று பதிப்பு, மைனஸ் சி போட்டுக் கம்யூனிட்டி (கருவியிடம் கேட்க அனுமதி தரும், பாஸ்வேர்டு போன்ற சொல்), அடுத்து ஐபி முகவரி. கடைசியில் கேட்க வேண்டிய ஓஐடி எண்கள், அதாவது கருவியில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் உரிய எண் வரிசைகள். ஒரே கேள்வியில் பல எண்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பவை இவை மூன்றும்:

1.3.6.1.2.1.1.2.0 – கருவி எந்த இனம்
1.3.6.1.2.1.1.3.0 – எவ்வளவு நேரமாக ஓடுகிறது
1.3.6.1.2.1.1.5.0 – அதன் பெயர்

முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். பதிலே ஓர் எண் வரிசைதான், உதாரணமாக 1.3.6.1.4.1.14988.1. இதில் 1.3.6.1.4.1 வரை எல்லோருக்கும் பொது, நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட கிளை. அடுத்த எண்தான் நிறுவனம். 14988 என்றால் மைக்ரோடிக், 9 என்றால் சிஸ்கோ, 11 எச்பி, 2636 ஜூனிபர், 2011 ஹுவாவே, 171 டி-லிங்க். 8072 வந்தால் நெட்-எஸ்என்எம்பி, அதாவது பெரும்பாலும் ஒரு லினக்ஸ் கணினி. முந்நூறு கருவிகளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு ஏழாவது எண்ணை மட்டும் பிரித்து எண்ணினால், எந்த நிறுவனத்தின் கருவி எத்தனை என்ற கணக்கு கைக்கு வந்துவிடும்.

1.3.6.1.2.1.1.1.0 கருவியின் முழு விவரத்தையும் தரும். பார்க்க நன்றாக இருக்கும், ஸ்கிரிப்ட்டில்தான் தொல்லை. சிஸ்கோவின் பழைய கருவிகள் பல அதை நாலைந்து வரிகளாக அனுப்பும். ஒரு கருவிக்கு ஒரு வரி என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே குலைந்துவிடும். டிஆர் கட்டளையால் வரி முறிவுகளை நீக்கிய பிறகே சேமியுங்கள்.

வெளியீட்டைச் சுத்தமாக்க மைனஸ் பெரிய ஓ இருக்கிறது. அதோடு சிறிய க்யூ, வி சேர்த்தால் மதிப்பு மட்டும் வரும். சிறிய என் சேர்த்தால் ஓஐடி முழுக்க எண்ணாக வரும். சிறிய டி சேர்த்தால் ஓடிய நேரம் நாள்-மணி என்று அழகுபடுத்தாமல் வெறும் எண்ணாக வரும். அந்த எண் வினாடியில் நூறில் ஒரு பங்கு அலகில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: கம்யூனிட்டியைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள்

மைனஸ் சி போட்டு எழுதினால், அதே கணினியில் பிஎஸ் கட்டளை ஓட்டும் எவரும் அதைப் படிக்கலாம். ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். ஹோம் டைரக்டரியில், புள்ளியில் தொடங்கும் எஸ்என்எம்பி டைரக்டரிக்குள் எஸ்என்எம்பி புள்ளி கான்ஃப் என்ற கோப்பை உருவாக்குங்கள். டெஃப்-வெர்ஷன் ஒரு வரி, டெஃப்-கம்யூனிட்டி ஒரு வரி. இரண்டிலும் டெஃப்புக்கு அடுத்த எழுத்து பெரியது. கோப்புக்கு 600 அனுமதி. இனி கட்டளையில் ஐபியும் ஓஐடியும் மட்டும் போதும்.

சில கருவிகளுக்கு வேறு கம்யூனிட்டி என்றால், அதே டைரக்டரிக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற உள் டைரக்டரி உருவாக்கி, ஐபி முகவரியையே பெயராகக் கொண்ட கான்ஃப் கோப்பு ஒன்றை வைக்கலாம். அந்தக் கருவிக்கு மட்டும் அது செல்லும். ஸ்கிரிப்ட்டுக்குள் நிபந்தனைகளை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 5: காத்திருப்புக் கணக்கு

நெட்-எஸ்என்எம்பி கட்டளைகள் இயல்பாக 1 வினாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் மேலும் 5 முறை முயலும். ஆக இறந்த கருவி ஒன்றுக்கு 6 வினாடி. முந்நூறில் இருபது அணைந்து கிடந்தால், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் ஸ்கிரிப்ட் அந்த இருபதுக்காக மட்டும் இரண்டு நிமிடம் சும்மா நிற்கும். மின்வெட்டு வந்து ஒரு பிளாக் முழுக்கப் போன நேரத்தில், தகவல் மிக அவசரமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான், ஸ்கிரிப்ட் மிக மெதுவாக ஓடும்.

வளாகத்துக்குள் மைனஸ் டி 1, மைனஸ் ஆர் 1 போதும். இரண்டே வினாடியில் கைவிடும். தொலைவில் உள்ள கிளைகளுக்கு மைனஸ் டி 3, மைனஸ் ஆர் 1 வையுங்கள். முயற்சிகளைக் கூட்டுவதைவிடக் காத்திருப்பைக் கூட்டுவது நல்லது. சிபியு திணறும் சுவிட்ச் முதல் கேள்விக்கே இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும்போது அதே கேள்வியை மறுபடி அனுப்பினால் அதன் சுமைதான் கூடும்.

படி 6: ஒரே நேரத்தில் பலரிடம்

இதற்குச் சிறப்பு மென்பொருள் வேண்டாம். எக்ஸ்-ஆர்க்ஸ் கட்டளைக்கு மைனஸ் பெரிய பி போட்டு 30 கொடுத்தால் முப்பது கருவிகளை ஒரே சமயத்தில் விசாரிக்கும். மைனஸ் சிறிய என் 1 போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே ஐபியை எடுத்துக்கொள்ளும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, ஒரே ஒரு ஐபியை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கருவியை விசாரிக்கும் குட்டி ஸ்கிரிப்ட். அது செய்ய வேண்டியவை: எஸ்என்எம்பி-கெட்டை ஓட்டுவது, வந்த பதிலை அந்த ஐபியின் பெயரிலேயே ஒரு கோப்பில் எழுதுவது, கட்டளை தோல்விக் குறியீட்டோடு முடிந்தால் ஐபியையும் நேரத்தையும் பிழைச் செய்தியையும் தோல்விக் கோப்பில் சேர்ப்பது. இரண்டாவது, பட்டியலின் முதல் பத்தியை ஆக் கட்டளையால் பிரித்து எக்ஸ்-ஆர்க்ஸிடம் கொடுக்கும் ஒற்றை வரி. குட்டி ஸ்கிரிப்ட்டைத் தனியாக ஒரு கருவியில் ஓட்டிச் சோதிக்க முடியும் என்பதுதான் இந்தப் பிரிவினையின் பெரிய வசதி.

தனித்தனிக் கோப்பு எதற்கு? முப்பது கட்டளைகளும் ஒரே பைப்பில் எழுதினால், 4096 பைட்டுக்கு மேல் போகும் வெளியீடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு சுவிட்சின் வரி பாதியில் அறுந்து இன்னொன்றின் வரியோடு ஒட்டும். கெட் கட்டளையின் சிறிய பதில்களில் இது தெரியாது. ஒரு அட்டவணையை முழுக்கக் கேட்டு வாங்கும் வாக் கட்டளையை (படி 8) ஓட்டும் நாளில் தெரியும், அதற்குள் தவறான தரவு சேமிப்பில் கலந்திருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. 2சி பதிப்பில், கருவியிடம் இல்லாத ஓஐடியைக் கேட்டால் அது தோல்வி ஆகாது. அப்படி ஒன்று இல்லை என்ற வாசகத்தோடு பதில் வரும், கட்டளையோ வெற்றிக் குறியீட்டோடு முடியும். குறியீட்டை மட்டும் நம்பினால் அந்த வாசகமே மதிப்பாகப் பதிவாகிவிடும். நோ சச் என்று தொடங்கும் பதிலை கிரெப் போட்டுத் தனியே பிரித்துவிடுங்கள்.

கருவிகளுக்கு இடையில் இணையாக ஓடலாம். ஒரே கருவிக்குள் வரிசையாகத்தான் போக வேண்டும். மலிவான சுவிட்சின் சிபியுவை நாலு வாக் சேர்ந்து அமுக்கினால் அது தன் உண்மையான வேலையிலேயே தடுமாறும்.

படி 7: பதில் வராதவர்கள்

தோல்விக் கோப்பைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே டைம்-அவுட் செய்திதான் இருக்கும். ஆனால் காரணங்கள் வேறு வேறு. கருவி அணைந்திருக்கலாம். கம்யூனிட்டி தவறாக இருக்கலாம். 1, 2சி பதிப்புகளில் தவறான கம்யூனிட்டிக்குக் கருவி மறுப்புகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். உங்கள் கணினியின் ஐபி, கருவியின் அனுமதிப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். வழியில் ஃபயர்வால் தடுக்கலாம். பல முகவரிகள் கொண்ட ரவுட்டரிடம் ஒரு முகவரியில் கேட்டால் அது வேறு முகவரியிலிருந்து பதில் அனுப்பி, நடுவில் உள்ள ஃபயர்வால் அதைத் தள்ளியிருக்கலாம்.

பிரித்தறிய ஒரு வரிசை உண்டு. முதலில் எஃப்-பிங். அதற்கும் பதில் இல்லையென்றால் மின்சாரத்தையும் கேபிளையும் பாருங்கள். பிங் வருகிறது, எஸ்என்எம்பி வரவில்லை என்றால் இன்னொரு டெர்மினலில் டிசிபி-டம்ப்பைத் திறந்து, யுடிபி போர்ட் 161, அந்தக் கருவியின் முகவரி என்று வடிகட்டி வைத்துக்கொண்டு ஒரு கேள்வி அனுப்புங்கள். போன பாக்கெட் மட்டும் தெரிந்தால் கம்யூனிட்டி, அனுமதிப் பட்டியல், ஃபயர்வால் என்ற வரிசையில் சோதியுங்கள். அவை சரியாக இருந்தும் பதில் வரவில்லை என்றால் முகவரி வடிகட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள், வேறு முகவரியிலிருந்து பதில் வந்துகொண்டிருக்கலாம். பாக்கெட் போகவே இல்லை என்றால் சிக்கல் உங்கள் கணினியில்.

தோல்விக் கோப்பை அழிக்காமல் தேதியிட்டு வையுங்கள். வாரத்தில் மூன்று முறை, அதுவும் ஒரே நேரத்தில் பதில் தராத சுவிட்சைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பழைய கோப்புகள்தான்.

படி 8: அட்டவணைகள் – வாக்கும் பல்க்வாக்கும்

போர்ட்டுகள், சீரியல் எண்கள் போன்றவை அட்டவணையாக இருக்கும். எஸ்என்எம்பி-வாக் அதை ஒவ்வொரு வரிசையாகக் கேட்டு வாங்கும். 48 போர்ட் சுவிட்சில் ஒரு பத்திக்கு 48-க்கும் மேற்பட்ட கேள்விகள். போய்வர 40 மில்லிசெகண்ட் ஆகும் கிளை அலுவலகத்துக்கு அது ஏறத்தாழ 2 வினாடி. எஸ்என்எம்பி-பல்க்வாக் ஒரு கேள்விக்குப் பல வரிசைகளை அள்ளி வரும். இயல்பாக 10, மைனஸ் பெரிய சி, சிறிய ஆர் சேர்த்து 25 என்று கொடுத்தால் இருபத்தைந்து. அதே வேலை இரண்டு மூன்று கேள்விகளில் முடிந்துவிடும். முதல் பதிப்பில் பல்க் கிடையாது, 2சி முதல்தான்.

ரொம்பக் கூட்டாதீர்கள். பதில் 1500 பைட்டைத் தாண்டினால் பாக்கெட் துண்டாகும், துண்டுகளைச் சில ஃபயர்வால்கள் விடாது. வாக் வேலை செய்கிறது, பல்க்வாக் மட்டும் டைம்-அவுட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான். எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

வேரிலிருந்து முழு மரத்தையும் வாக் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். பெரிய ரவுட்டரில் ரூட்டிங் அட்டவணையும் ஏஆர்பி அட்டவணையும் லட்சக்கணக்கான வரிசைகளாக விரிந்து அதன் சிபியுவைத் தின்றுவிடும். வேண்டிய பத்தியின் எண்ணைக் கொடுங்கள்:

1.3.6.1.2.1.31.1.1.1.1 – போர்ட்டின் பெயர்
1.3.6.1.2.1.31.1.1.1.18 – போர்ட்டுக்கு நீங்கள் எழுதிய குறிப்பு
1.3.6.1.2.1.2.2.1.8 – போர்ட் உயிரோடு உள்ளதா. 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை
1.0.8802.1.1.2.1.4.1.1.9 – எல்எல்டிபி (கருவிகள் பக்கத்துக் கருவிகளுக்குத் தங்களை அறிவிக்கும் முறை) வழியாகத் தெரியும் பக்கத்துக் கருவியின் பெயர்
1.3.6.1.2.1.47.1.1.1.1.11 – சீரியல் எண்

கடைசி எண், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும் நேரத்தில் ஏணி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரேக்காக அலைவதை மிச்சப்படுத்தும். பிரின்டர்களுக்கு 1.3.6.1.2.1.43.11.1.1.9 மீதமுள்ள டோனர், அதே எண்ணில் கடைசி 9-க்குப் பதில் 8 போட்டால் முழுக் கொள்ளளவு. மைனஸ் 3 என்று பதில் வந்தால் கொஞ்சம் இருக்கிறது, அளவு தெரியாது என்று பொருள். யுபிஎஸ் நிலையான மிப்பை ஆதரித்தால் 1.3.6.1.2.1.33.1.2.3.0 இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சொல்லும்.

படி 9: டிராஃபிக் அளப்பது

கருவி வேகத்தைச் சொல்லாது, இதுவரை போன பைட்டுகளின் மொத்தத்தைத்தான் சொல்லும். இரண்டு முறை கேட்டுக் கழிக்க வேண்டியது நம் வேலை. 300 வினாடி இடைவெளியில் வித்தியாசம் 375 கோடி பைட் என்றால், வினாடிக்கு 1.25 கோடி பைட். எட்டால் பெருக்கினால் 100 மெகாபிட்.

இங்கே பழைய 32-பிட் கவுன்டரைப் பயன்படுத்தவே கூடாது. அது 429,49,67,296-இல் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போகும். முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் போர்ட்டில் அதற்கு ஆகும் நேரம் சுமார் 34 வினாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நடுவில் எத்தனை சுற்று சுற்றியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வரைபடம் அழகாக வரும், எண் பொய்யாக இருக்கும். உள்ளே வருவதற்கு 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெளியே போவதற்கு 1.3.6.1.2.1.31.1.1.1.10 ஆகிய 64-பிட் கவுன்டர்களைக் கேளுங்கள். முதல் பதிப்பில் இவை கிடைக்காது. போர்ட்டின் வேகம் அதே வரிசையில் 15-ஆம் பத்தியில் மெகாபிட்டாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் கவுன்டரோடு சேர்த்து, ஓடிய நேரத்தையும் அதே கேள்வியில் கேளுங்கள். அது முன்பைவிடக் குறைந்திருந்தால் கருவி ரீபூட் ஆகியிருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தைத் தூக்கி எறியுங்கள். இந்த எண்ணும் 497 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். ஆண்டுக்கணக்கில் அணையாத சுவிட்ச் திடீரென்று ரீபூட் ஆனதாகத் தெரிந்தால் பதறும் முன் 1.3.6.1.6.3.10.2.1.3.0-ஐக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் பதிப்பை ஆதரிக்கும் கருவிகளில் அது வினாடிக் கணக்கில் ஓடுவதால் அவ்வளவு சீக்கிரம் சுற்றாது.

போர்ட்டின் வரிசை எண்ணையும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ரீபூட்டுக்குப் பிறகோ புதிய கார்டு செருகிய பிறகோ எண்கள் மாறலாம். நேற்று 14 என்று பதிவான போர்ட் இன்று வேறாக இருக்கும். தரவைப் போர்ட்டின் பெயரோடு சேமியுங்கள். சிஸ்கோவில் இந்த எண்களை நிலையாக வைத்திருக்கச் சொல்லும் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுவது நல்லது.

படி 10: மூன்றாம் பதிப்பு

2சி-யில் கம்யூனிட்டி பாக்கெட்டுக்குள் அப்படியே வாசிக்கும்படி போகிறது. மேலாண்மைக்குத் தனி விலேன் (அதே கேபிள்களில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இல்லாத இடத்தில் இது சரிப்படாது. மூன்றாம் பதிப்பில் பயனர் பெயர், சரிபார்ப்புப் பாஸ்வேர்டு, மறையாக்கப் பாஸ்வேர்டு மூன்றும் உண்டு. பாஸ்வேர்டுகள் குறைந்தது 8 எழுத்து. பாதுகாப்பு நிலையை ஆத்-பிரிவ் என்றும், முறைகளை ஷா, ஏஇஎஸ் என்றும் வையுங்கள். இவற்றையும் படி 4-இல் சொன்ன கான்ஃப் கோப்பிலேயே எழுதலாம்.

கருவியின் அடையாளத்தை முதலில் கேட்டறிய வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சுற்று கூடுதலாகும். அதற்கு ஈடாக ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: பயனர் பெயர் தவறு, பாஸ்வேர்டு தவறு என்று தெளிவான பிழைச் செய்தி வரும். படி 7-இல் பட்ட பாட்டில் பாதி இங்கே இல்லை.

எந்தப் பதிப்பானாலும் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். பப்ளிக், பிரைவேட் என்று கருவியோடு வரும் கம்யூனிட்டிப் பெயர்களை முதல் நாளே மாற்றுங்கள். உங்கள் விசாரிக்கும் கணினியின் ஐபிக்கு மட்டும் ஒவ்வொரு கருவியிலும் வழி திறங்கள். 2002 பிப்ரவரியில், ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தின் சோதனைகளை ஒட்டி வந்த எச்சரிக்கை, பல நிறுவனங்களின் எஸ்என்எம்பி நிரல்கள் திரிக்கப்பட்ட பாக்கெட்டுகளுக்கே விழுந்துவிடக்கூடும் என்று காட்டியது. இன்னும் பழைய ஃபர்ம்வேரோடு ஓடும் கருவிகள் எத்தனையோ.

படி 11: கிரானில் போடுவது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் போதும். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடாமல் எஃப்-லாக்கை முன்னால் போட்டு, மைனஸ் சிறிய என் கொடுங்கள். முந்தைய சுற்று ஓடிக்கொண்டிருந்தால் புதியது தானே விலகிவிடும். சுற்றின் முடிவில் மூன்று எண்களை ஒரு வரியாக எழுதுங்கள்: பட்டியலில் எத்தனை, பதில் தந்தவை எத்தனை, தோற்றவை எத்தனை. பின்னிரண்டின் கூட்டுத்தொகை முதல் எண்ணுக்குச் சமமாக இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் சில கருவிகளைக் கேட்கவே இல்லை என்று பொருள். கருவிகளைச் சந்தேகிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.